பழைய ஏடா மொழியில் அப்படி என்னதான் இருக்கிறது?

ரயில்வே சிக்னல் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனமொன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பொறியாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கல்லூரியில் சி, ஜாவா, பைத்தான் படித்தேன், ஆர்வத்தில் ரஸ்ட்டும் கொஞ்சம் பழகினேன். இங்கே முதல் வாரமே ஏடா மொழியைக் கற்கச் சொல்கிறார்கள். 1980களில் வந்த மொழி. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் பெயரே கண்ணில் படுவதில்லை. இதில் காலத்தைச் செலவிடத்தான் வேண்டுமா?”

செலவிடலாம் என்பதே என் பதில். இயந்திரங்களுக்குள் ஓடும் மென்பொருளை எழுதிப் பிழைப்பவன் நான். சியிலும் ஏடாவிலும் மாறிமாறிப் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். நிரல் எழுதுகிறவர் மனத்துக்குள் வைத்துக்கொள்ளும் அனுமானங்களை வாய்விட்டுச் சொல்ல வைக்கும் மொழி ஏடா. அதன் மற்றச் சிறப்புகளும், அதன்மேல் சொல்லப்படும் குறைகளில் பாதியும், இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவையே.

முதலில் அது பிறந்த சூழல். 1970களின் நடுவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் திட்டங்களில் புழங்கும் நிரல் மொழிகளைக் கணக்கெடுத்தபோது, கிளைவழக்குகளையும் சேர்த்து 450-க்கும் மேல் தேறின. ஏவுகணைக்கு ஒரு மொழி, ரேடாருக்கு ஒரு மொழி, அதே ரேடாரின் அடுத்த மாடலுக்கு வேறொரு மொழி என்றிருந்தால், எழுதியவர் வேலையை விட்டுப் போனதும் பராமரிக்க ஆள் கிடைக்காது. எனவே 1975-இல் ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு மொழியை உடனே வடிவமைக்கத் தொடங்கவில்லை. மொழிக்கு என்னென்ன வேண்டும் என்று மட்டும் ஓர் ஆவணம் எழுதி, பலரிடம் சுற்றுக்கு விட்டுத் திருத்தி, மறுபடி எழுதியது. அந்த ஆவணங்களுக்கு வைத்த பெயர்களே வேடிக்கையானவை: வைக்கோல் மனிதன், மர மனிதன், தகர மனிதன், இரும்பு மனிதன், கடைசியாக 1978-இல் எஃகு மனிதன். பிறகு நான்கு அணிகளுக்குப் போட்டி வைத்தார்கள். மதிப்பிடுகிறவர்கள் பெயர் பார்த்துச் சாயக்கூடாது என்பதற்காக அணிகளுக்குச் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நிறங்களையே பெயராக்கினார்கள். 1979-இல் வென்றது பச்சை. அதன் தலைமை வடிவமைப்பாளர் பிரான்ஸைச் சேர்ந்த ஜான் இக்பியா.

கணினி நிரலாக்கத்தின் முன்னோடியாகக் கருதப்படும் ஏடா லவ்லேஸின் பெயரை மொழிக்கு வைத்தார்கள். அவர் பிறந்தது 1815 டிசம்பர் 10. ராணுவத் தரமாக இம்மொழி ஏற்கப்பட்டது 1980 டிசம்பர் 10. அந்தத் தரத்தின் எண்ணும் 1815. நம் காதுக்கு இந்தப் பெயர் யாரையோ அதட்டிக் கூப்பிடுவது போல ஒலிக்கும். அதுவும் பொருத்தம்தான்: எழுதத் தொடங்கிய முதல் மாதம் முழுக்க, நாம் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் இதன் கம்பைலர் நம்மை “ஏடா, இதென்ன?” என்று அதட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த அதட்டல் எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் துறையிலிருந்தே காட்டுகிறேன். ஒரு ரயிலின் வேகத்தைச் சியில் எழுதினால் அது வெறும் முழு எண். மணிக்கு இத்தனை கிலோமீட்டரா, விநாடிக்கு இத்தனை மீட்டரா, எதிர்ம எண் வரலாமா, உச்சம் எவ்வளவு என்பதெல்லாம் எழுதியவரின் தலைக்குள்ளோ, அருகிலுள்ள குறிப்பு வரியிலோ, அலமாரியில் உறங்கும் வடிவமைப்பு ஆவணத்திலோ இருக்கும். ஏடாவில் அதை “டைப் வேகம் இஸ் ரேஞ்ச் 0 .. 160” என்று அறிவித்துவிடலாம். அதேபோலத் தொலைவுக்கு ஒரு தரவினம், நேரத்துக்கு ஒரு தரவினம். உள்ளே மூன்றும் எண்கள்தாம் என்றாலும், வேகத்தைத் தொலைவோடு கூட்டிப் பாருங்கள், கம்பைலர் மறுத்துவிடும். வேகம் என்ற மாறிக்குள் 161-ஐ இட முயன்றால், மதிப்பு முன்கூட்டியே தெரிந்திருக்கும் இடத்தில் கம்பைலரே எச்சரிக்கும். ஓடும்போதுதான் தெரியும் என்றால், சோதனையில் பிடிபட்டு ஒரு விதிவிலக்கு, அதாவது இயல்பான ஓட்டத்தை நிறுத்தும் பிழை அறிவிப்பு, எழும். தவறான எண் சத்தமில்லாமல் அடுத்த கணக்குக்குள் நுழைவதற்கு வழியில்லை.

இதில் நான் பெரிதாக மதிப்பது பிழை பிடிபடுவதைக்கூட அல்ல. 160 என்று எழுதும் கணத்தில், “ஏன் 160? இந்தத் தடத்தில் சோதனை ஓட்டம் நடந்தால்?” என்று கேட்டுத் தீர வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. அக்கேள்வியை எழுதுகிறவர் கேட்காவிட்டாலும், மதிப்பாய்வு செய்கிறவர் அந்த வரியைப் பார்த்ததும் கேட்பார். வெறும் முழு எண்ணாக இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைக்கும் அணிகளிலும் (அரே) இதே குணம்தான். ஏடாவின் அணி தன் எல்லைகளைத் தன்னோடு சுமந்து செல்கிறது. முதல் இடம் 0-வா 1-ஆ என்ற பழைய தகராறு இங்கே இல்லை. அணியை அதன் வீச்சு முழுக்கச் சுற்றிவா என்று எழுதினால், எங்கு தொடங்கி எங்கு முடியும் என்பது அணிக்கே தெரியும். எண்ணுக்குப் பதிலாகப் பெயர்களையும் இடச்சுட்டாக வைக்கலாம்: சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு தரவினத்தை அறிவித்து, அவற்றையே சுட்டாகக் கொண்ட விளக்கு அணி ஒன்றை அமைத்தால், நான்காவது விளக்கைத் தேடிப் போகும் பிழையை எழுதவே முடியாது. புரொசீஜர் என்ற துணை நிரலுக்குள் போகும் மதிப்புகளைப் படிக்க மட்டுமா, எழுத மட்டுமா, இரண்டுக்குமா என்பதும் தலைப்பு வரியிலேயே தெரிந்துவிடும். சியில் நினைவக முகவரியைச் சுட்டும் ஒரு பாயிண்டரை அனுப்பிவிட்டு, உள்ளே அதை என்ன செய்கிறார்கள் என்று அறிய முழு நிரலையும் வாசித்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

இவ்வளவு அறிவிப்பும் எழுத நேரம் பிடிக்கும். ஒவ்வொரு இஃப்-க்கும் ஒரு எண்டு இஃப், ஒவ்வொரு லூப்-க்கும் ஒரு எண்டு லூப், புரொசீஜர் முடியும் இடத்தில் மறுபடி அதன் பெயர் என்று கை வலிக்கும். வடிவமைத்தவர்கள் இதை அறிந்தே செய்தார்கள்: எழுதும் வசதியைவிட வாசிக்கும் வசதியே முக்கியம் என்பது மொழியின் கையேட்டிலேயே சொல்லப்பட்ட கொள்கை. ஒரு முறை எழுதப்படும் சிக்னல் மென்பொருளை முப்பது ஆண்டுகள் பலர் வாசிப்பார்கள் என்ற கணக்கு அதன் பின்னே இருக்கிறது. இரண்டு நாளில் ஒரு முன்மாதிரியைச் செய்து காட்ட வேண்டிய வேலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஏடாவை நான் எடுக்க மாட்டேன்.

வன்பொருளோடு பேசும் இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், சியில் எழுதிய ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளை வேறொரு பிராசசருக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. வால்வு திறந்திருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்பவற்றை ஒரே பைட்டுக்குள் தனித்தனி பிட்டுகளாகச் சியின் பிட்-ஃபீல்டு வசதியைக் கொண்டு எழுதியிருந்தார்கள். கம்பைல் ஆனது, எச்சரிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் வால்வைத் திறக்கச் சொன்னால் மோட்டார் ஓடியது. பிட்டுகளை எந்தப் பக்கத்திலிருந்து அடுக்குவது என்பதைச் சியின் தரம் கம்பைலரிடமே விட்டுவிடுகிறது. பழைய கம்பைலர் வலமிருந்து அடுக்கியதைப் புதியது இடமிருந்து அடுக்கியது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. மேசைமேல் வைத்த சோதனைக் கருவி என்பதால் சேதம் ஏதுமில்லை.

ஏடாவில் இதற்கென்றே தனி அறிவிப்பு உண்டு. இந்தப் பதிவின் இன்ன புலம் இத்தனையாவது பைட்டில், இந்தப் பிட்டிலிருந்து அந்தப் பிட் வரை இருக்கும் என்று எழுதிவிடலாம். எந்தப் பக்கத்திலிருந்து பிட்டுகளை எண்ணுவது என்பதையும் அறிவிக்கலாம். கம்பைலரால் அப்படியே அமைக்க முடியாவிட்டால் அது நிரலை ஏற்காது. பிராசசர் மாறும்போது பைட் வரிசையால் வரும் தலைவலி இதனால் முற்றிலும் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிப்பின் கையேட்டில் உள்ள அட்டவணையையும் நிரலின் அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் விரலால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பிட்டுகளை நகர்த்தியும் மறைத்தும் எடுக்கும் ஷிஃப்ட், மாஸ்க் என்று சிதறிக் கிடக்கும் வரிகளில் அந்த ஒப்பீட்டைச் செய்து பாருங்கள், வித்தியாசம் புரியும்.

ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடுவதும் நூலக வசதியாக இல்லாமல் மொழிக்குள்ளேயே 1983-ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து இருக்கிறது. 1995-இல் வந்த திருத்தம் பொருள்நோக்கு வசதிகளைச் சேர்த்ததோடு, பல டாஸ்க்குகள் பகிரும் தரவைப் பாதுகாக்கும் தனி அமைப்பையும் தந்தது. பூட்டைப் போட மறப்பது, திறக்க மறப்பது என்ற இரண்டு பிழைகளும் அங்கே எழுத வாய்ப்பில்லாதவை. இந்த வசதிகள் எல்லாவற்றையும் அனுமதித்தால் நேரக் கணக்கைச் சரிபார்க்க முடியாது என்பதால், 1997-இல் இங்கிலாந்தின் ரேவன்ஸ்கார் என்ற கடலோர ஊரில் கூடிய வல்லுநர்கள், சரிபார்க்கத்தக்க ஒரு சிறு பகுதியை மட்டும் வரையறுத்தார்கள். ஊரின் பெயரே அந்த வரையறைக்கும் நிலைத்துவிட்டது. உங்கள் நிறுவனத்தில் இந்தப் பெயர் அடிக்கடி காதில் விழக்கூடும்.

இனி, ஏடாவைப் பற்றிப் பேசினால் யாராவது எழுப்பியே தீரும் கேள்விக்கு வருகிறேன்: இத்தனை பாதுகாப்பான மொழி என்றால் ஏரியான் 5 ஏன் வெடித்தது?

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய முதல் ஏரியான் 5 ராக்கெட், ஏறத்தாழ 40 விநாடிகளில், 3,700 மீட்டர் உயரத்தில் திசைமாறி உடைந்து வெடித்தது. ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் கணிக்கும் கருவியின் மென்பொருள் ஏடாவில் எழுதப்பட்டது. ஏரியான் 4-இல் நன்றாக வேலை செய்ததால் அப்படியே எடுத்துப் பொருத்தியிருந்தார்கள். அதில் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64-பிட் மிதவைப்புள்ளி எண்ணை 16-பிட் முழு எண்ணாக மாற்றும் வரி ஒன்று இருந்தது. 16 பிட்டுக்குள் அடங்கும் பெரிய எண் 32,767. ஏரியான் 4 பறந்த பாதையில் அந்த எல்லை தாண்டப்பட வாய்ப்பில்லை. ஏரியான் 5-இன் கிடைமட்ட வேகமோ தொடக்கத்திலேயே மிகக் கூடுதல். எல்லை தாண்டியது, விதிவிலக்கு எழுந்தது.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் என்னை நெடுநாள் உறுத்திய பகுதி இதன் பின்தான் வருகிறது. இப்படி எல்லை தாண்டக்கூடிய மாறிகள் ஏழு என்று உருவாக்கியவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். அவற்றில் நான்குக்குப் பாதுகாப்பு எழுதினார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற இலக்குக்காக மூன்றை விட்டுவிட்டார்கள். அந்த முடிவுக்கான காரணம் நிரலில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. மேலும், எந்த விதிவிலக்கு எழுந்தாலும் கருவி தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் விவரக்குறிப்பு. வன்பொருள் பழுதானால்தான் விதிவிலக்கு வரும், அப்போது மாற்றுக் கருவி பொறுப்பேற்றுக்கொள்ளும் என்ற எண்ணம் அதற்குப் பின்னே இருந்தது. மாற்றுக் கருவியிலும் ஓடியது அதே மென்பொருள். அது முந்தைய 72 மில்லி விநாடிச் சுற்றிலேயே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு, ராக்கெட் தரையை விட்ட பிறகு எதற்கும் தேவைப்படாத ஒன்று.

ஆகவே, மொழி தன் வேலையைச் செய்தது: எண் அடங்கவில்லை என்று சொன்னது. சொன்னதைக் கேட்டதும் கருவியை அணைத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தது மனிதர்கள். சியில் இதே மாற்றத்தின் விளைவு வரையறுக்கப்படாதது. ஏதோ ஓர் எண் கிடைத்திருக்கும், ராக்கெட் பிழைத்திருக்குமா என்பது யாரும் உறுதி கூற முடியாத சங்கதி. ஏடா பாதுகாப்பானது என்று கேட்டுவிட்டு நிம்மதியாக உறங்கப் போகிறவர்களுக்கு நான் இந்த அறிக்கையைத்தான் வாசிக்கத் தருவேன். சொல்லப்படாத ஓர் அனுமானம், அனுமானங்களைச் சொல்ல வைக்கும் மொழிக்குள்ளேயே எப்படி ஒளிந்துகொண்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. அந்த மூன்று மாறிகளின் எல்லையைத் தரவினமாக அறிவித்து, ஏரியான் 5-இன் பறப்புப் பாதையை அதற்கு உள்ளீடாகக் கொடுத்துத் தரையிலேயே ஓட்டிப் பார்த்திருந்தால், பிழை அங்கேயே கத்தியிருக்கும்.

ஓடும்போது கத்துவது போதாது, ஓடும் முன்பே பிழையில்லை என்று நிறுவ வேண்டும் என்பவர்களுக்காக வளர்ந்தது ஸ்பார்க். இது ஏடாவின் ஓர் உட்பகுதி. 1980களில் இங்கிலாந்தில் முளைத்தது. ஒரு புரொசீஜர் தொடங்கும்போது எது உண்மையாக இருக்க வேண்டும், முடியும்போது எது உண்மையாக இருக்கும் என்பதை எழுதிவிட்டால், எந்த உள்ளீட்டுக்கும் எல்லை மீறல் நிகழாது என்று கருவியே கணித முறையில் நிரூபிக்க முயலும். முடியாத இடத்தை நமக்குச் சுட்டிக்காட்டும். இந்த முன்நிபந்தனை, பின்நிபந்தனைகள் 2012-ஆம் ஆண்டுத் தரத்தில் ஏடாவுக்குள்ளேயே வந்துவிட்டன. உங்கள் ரயில்வே துறையில் இதற்கு நெருங்கிய முன்னோடி பாரிஸ் மெட்ரோவின் 14-ஆம் தடம். 1998-இல் திறக்கப்பட்ட அந்த ஓட்டுநர் இல்லாத தடத்தின் பாதுகாப்பு மென்பொருளை பி-முறை என்ற கணித முறையில் நிரூபித்து, அதிலிருந்து சுமார் 86,000 வரி ஏடா நிரலை உருவாக்கினார்கள். ரயில்வே மென்பொருளுக்கு நெடுங்காலம் ஐரோப்பியத் தரமாக இருந்த இஎன் 50128-உம் (2023-இல் அதற்கு மாற்றாக இஎன் 50716 வந்தது), உயர் பாதுகாப்பு நிலைகளுக்குத் தரவினக் கட்டுப்பாடு வலுவாக உள்ள மொழிகளை அழுத்தமாகப் பரிந்துரைத்தது. உங்களை ஏடா கற்கச் சொன்னதன் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

ரஸ்ட்டைப் பற்றிக் கேட்காமலே கேட்டிருக்கிறீர்கள். நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் ஹீப் நினைவகத்தை யார் வைத்திருக்கிறார்கள், எப்போது விடுவிப்பது என்பதில் ரஸ்ட் ஏடாவை விஞ்சிவிட்டது. இதில் எனக்கு ஐயமில்லை. ஏடாவில் விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடும் பிழையை எழுத முடியும். தொடக்க மதிப்பு தராத மாறியைப் படிக்கவும் முடியும். சிக்னல் மென்பொருளில் ஹீப்பையே தொடாமல் எழுதும் வழக்கம் இருப்பதால் முதல் குறை நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஸ்பார்க் பிறகு ரஸ்ட்டின் உரிமைக் கொள்கையைப் பார்த்தே பாயிண்டர்களைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. வயதான மொழி தன் தம்பியிடம் பாடம் கேட்டதில் தவறொன்றும் இல்லை. மறுபுறம், 0 முதல் 160 வரை என்ற எல்லையை ஒரே வரியில் அறிவிக்கும் வசதி ரஸ்ட்டில் மொழியளவில் கிடையாது. முழு எண் நிரம்பி வழிந்தால் சோதனைப் பதிப்பில் நிரலை நிறுத்தும், வெளியீட்டுப் பதிப்பிலோ இயல்பாகச் சுற்றிக்கொண்டு மறுபடி அடியிலிருந்து தொடரும்.

மற்றக் குறைகளையும் மறைக்க வேண்டாம். எழுத்துச் சரங்களைக் கையாள்வது எரிச்சலூட்டும் வேலை. நூலகங்கள் குறைவு, அலைர் என்ற பேக்கேஜ் மேலாளர் வந்தபின் நிலைமை சற்றுத் தேறியிருக்கிறது. தொடக்கக் கம்பைலர்கள் மெதுவானவை, விலையும் அதிகம். அந்தக் கெட்ட பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொழி பிறந்த புதிதிலேயே கணினி அறிவியலாளர் டோனி ஹோர், அத்துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்ற தன் உரையில், இது அளவுக்கு மீறிச் சிக்கலானது, உயிர் சார்ந்த பணிகளில் இப்போதுள்ள வடிவில் இதை நம்பாதீர்கள் என்று கடுமையாக எச்சரித்தார். நான்கு தரப் பதிப்புகள் கூடிய பிறகு மொழி இன்னும் பெருத்திருக்கிறதே ஒழியச் சிறுக்கவில்லை. ஹோரின் புகாருக்கு நடைமுறையில் கிடைத்த விடைதான் ஸ்பார்க்கும் ரேவன்ஸ்காரும்: முழு மொழியையும் யாரும் பயன்படுத்துவதில்லை. பாதுகாப்புத் துறை ஏடாவைக் கட்டாயமாக்கிய ஆணை 1997-இல் கைவிடப்பட்டபோது மொழியே முடிந்துவிடும் என்றார்கள். அதற்குள் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நாட் என்ற இலவசக் கம்பைலர் உருவாகியிருந்தது. ஜிசிசி என்ற இலவசக் கம்பைலர் தொகுப்போடு இணைந்து இன்றும் வருகிறது. கட்டாயத்தால் எழுதியவர்கள் போய்விட்டார்கள், தேவையால் எழுதுகிறவர்கள் தங்கிவிட்டார்கள்.

பழமையின் உண்மையான பயனையும் வேலையில் காண்பீர்கள். 1980களில் எழுதிய ஏடா நிரலை இன்றைய கம்பைலரில் கொடுத்தால் பெரும்பாலும் அப்படியே ஏற்கும். ஏற்காத இடங்கள் சில்லறையானவை: 2005-இல் ‘இன்டர்ஃபேஸ்’ என்பது ஒதுக்கப்பட்ட சொல்லாகிவிட்டதால், அந்தப் பெயரில் மாறி வைத்திருந்த பழைய கோப்புகளில் பெயரை மாற்ற நேர்ந்தது. இப்படிப்பட்ட மாற்றத்தையும் கம்பைலர் வரி எண்ணோடு சொல்லிவிடும், ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது: பாடப் புத்தகத்தில் தொடங்காமல், உங்கள் திட்டத்தின் விவரக்குறிப்புக் கோப்புகளைத் திறந்து தரவின அறிவிப்புகளை மட்டும் ஒரு வாரம் வாசியுங்கள். எல்லா எல்லைகளும் ஒழுங்காக வரையறுக்கப்பட்டிருந்தால் நல்ல கைகள் எழுதிய நிரல் அது. பார்க்கும் இடமெல்லாம் வெறும் இன்டிஜராக இருந்தால், யாரோ சியை ஏடாவின் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். பிறகு, ஓடும்போது நடக்கும் சோதனைகளை அணைத்துவிடும் ‘சப்ரெஸ்’ கட்டளை எங்கெங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் அணைத்தோம் என்ற காரணம் எழுதியிருக்க வேண்டும். எழுதாத இடங்களைக் குறித்துக்கொண்டு, முதல் மதிப்பாய்வுக் கூட்டத்தில் கேளுங்கள்.